அந்தப் பத்தியை எழுதியவன் நான்

மனித உரிமை அமைப்புகள் வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தில், வரவுசெலவுக்குச் சற்று முன்னால் ஒரு கேள்வி இருக்கும். திட்டக் காலம் முடிந்தபின் இந்தப் பணி எப்படித் தொடரும்? மூன்று வருஷத்துக்குப் பணம் தருகிறோம், நாலாவது வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். தென்மாவட்டம் ஒன்றில் இயங்கிய மனித உரிமை அமைப்பில் விண்ணப்பமும் அறிக்கையும் எழுதுகிற வேலை நெடுங்காலம் என்னுடையதாக இருந்தது. அந்தக் கேள்விக்கென்று ஒரு பத்தியைத் தயாராக வைத்திருந்தேன். கிராமந்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்படும், அந்தக் குழுக்களே வழக்குகளைப் பின்தொடரும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் உதவுவார்கள், பாதிக்கப்பட்டவர்களே தலைமை ஏற்பார்கள் என்று போகும் அது. ஒரு நிறுவனத்துக்கு எழுதியதை எடுத்து அடுத்த நிறுவனத்தின் படிவத்தில் ஒட்டுவேன். எழுதுகிறபோதே அது நடக்காது என்று தெரியும். தெரிந்தே எழுதினேன். அதனால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததற்குப் பொறுப்பேற்று இதை எழுதுகிறேன்.

அப்போது காவல் நிலையச் சித்திரவதைகளை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்றை நடத்திவந்தோம். ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றின் நிதி. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி அதோடு நின்றுபோனது. கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் பட்டியலே போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியல் நிலையச் சுவரில் தொங்கும். லாக்கப்பில் நடப்பது நடந்துகொண்டிருக்கும். ஆகவே ஆவணப்படுத்துவது அவசியமான வேலை. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

திருட்டு வழக்கில் சந்தேகம் என்று சொல்லிக் கூலித் தொழிலாளி ஒருவரை இரவில் அழைத்துப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் அரசு மருத்துவமனைக்கு உடலாகத்தான் வந்தார். நெஞ்சுவலி என்றார்கள். செய்தி கிடைத்ததும் உண்மை அறியும் குழுவாகப் போனோம். அவர் மனைவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு குழந்தை, பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன். “நடந்துதாம்ணே போனாரு. சட்டையப் போட்டுக்கிடுதேன்னாரு, அதுக்குக்கூட விடல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

காவல் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் அன்றிரவு ஷட்டரை இறக்கும்போது, அந்தத் தொழிலாளி வெறும் மேலோடு, தன் காலால் நடந்து படியேறி உள்ளே போனதைப் பார்த்திருந்தார். கடைக்குள்ளேயே படுக்கிறவர், நள்ளிரவுக்கு மேல் அலறலும் கேட்டிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கோடு போட்ட முழுத்தாளில் மூன்று பக்கம். எழுதியதை வாசித்துக் காட்டியதும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, “பின்னாடி நீங்க இருப்பீங்கள்லா சார்?” என்று கேட்டார். “கடைசி வரைக்கும் இருப்போம் அண்ணாச்சி” என்றேன்.

காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்று 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, உயர் நீதிமன்றம் வரை போய், விசாரணையை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்ற வைத்தோம். போலீஸ்காரர்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. எங்கள் அமைப்பு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டோம். அனுமதி பெற்று வெளியிட்டது என்று உள்ளே குறிப்பும் எழுதினேன். கேட்டது உண்மைதான். புருஷனைப் பறிகொடுத்த சில நாளில், உதவிக்கு வந்த ஒரே ஆட்கள் கேட்கும்போது அவரால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்று நான் யோசிக்கவில்லை.

இந்தத் திட்டங்களுக்கு லாக்ஃபிரேம் என்று ஒரு அட்டவணை உண்டு. ஆண்டுக்கு இத்தனை சம்பவங்கள் ஆவணப்படுத்தப்படும், இத்தனை பேருக்குப் பயிற்சி, தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு இத்தனை புகார்கள். புதிதாக ஒரு சம்பவம் கிடைத்தால் எண் ஏறும். பழைய வழக்கின் வாய்தாவுக்கு ஒருவர் போய் நீதிமன்ற வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வந்தால் எந்தக் கட்டத்திலும் எதுவும் ஏறாது. அந்த அட்டவணையை ஐரோப்பாவில் இருந்த யாரும் போட்டு எங்கள் தலையில் கட்டவில்லை. நான் போட்டேன். எதை எண்ணிக் காட்டுவது சுலபமோ அதைப் போட்டேன்.

அந்த அறக்கட்டளையின் அலுவலர் ஒருவர் ஒருமுறை நேரில் வந்திருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிற மனிதர். இந்த வழக்குகள் முடிய எத்தனை காலம் ஆகும் என்று என்னிடமே கேட்டார். பத்து வருஷம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம் என்பதுதான் பதில். அதைச் சொன்னால், மூன்று வருஷப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி வருமே என்று பயந்தேன். எங்கள் கண்காணிப்புக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும் என்றேன். கண்காணிப்புக் குழு என்று நான் சொன்னது, பயிற்சி முகாமுக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை.

மூன்றாம் வருஷம் முடிந்தது. வழக்கு அப்போதுதான் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்திருந்தது. நிதி தருகிறவர்களின் கவனம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011இல் ஏற்றபின் எங்கே போனாலும் அதே பேச்சு. அதிலும் உண்மையான தேவை இருந்தது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. விண்ணப்பித்தோம், கிடைத்தது. சித்திரவதைத் திட்டத்தின் களப்பணியாளர்கள் சிலருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மற்றவர்கள் ஆலைப் பக்கம் போனார்கள். கோர்ட்டுக்குப் போய்வர எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

டீக்கடைக்காரருக்கு சம்மன் வந்தது. போன் செய்தார். யாரையாவது அனுப்புகிறேன் என்றேன், அனுப்பவில்லை. அன்றைக்கு வாய்தா தள்ளிப்போனது. அடுத்த வாய்தாவுக்கும் போன் செய்தார். வழக்கு தள்ளித் தள்ளிப் போக, ஒவ்வொரு முறையும் கடையை அடைத்துவிட்டுத் தனியாகப் போய் வந்திருக்கிறார். கோர்ட் வாசலில் தெரிந்த போலீஸ்காரர்கள் வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போவார்களாம். ஒரு கட்டத்தில் அவர் பெயர் திரையில் வந்தால் நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற காசு பெரிதல்ல, என் பையிலிருந்தே கொடுத்திருக்கலாம். கொடுக்காவிட்டாலும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நாட்களில் நான் ஆலைத் திட்டத்தின் இடைக்கால அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

கூண்டில் ஏறியபோது, அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார். பிறழ்சாட்சி என்று அறிவித்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ஸ்டேஷனுக்கு எதிரே விடிந்தால் கடை திறக்க வேண்டிய மனிதர் அவர். கூட நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் காணாமல் போனால் அவர் யாரை நம்பிப் பேசுவார்? குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலையானார்கள்.

அந்த விடுதலையை நிதி தந்த அறக்கட்டளைக்கு நாங்கள் தெரிவிக்கவே இல்லை. அறிக்கை அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, யாரும் கேட்கவில்லை. அது மட்டுமென்றால் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு எழுதிய விண்ணப்பங்களிலும், அமைப்பின் முன் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் அந்த வழக்கைச் சேர்த்தேன். குற்றப்பத்திரிகை தாக்கலானது என்பதோடு வாக்கியத்தை முடித்தேன். செத்தவரின் வழக்கு தோற்றபின், அதை எங்கள் வெற்றியாகக் காட்டிப் பணம் கேட்டேன். நான் செய்தவற்றில் இதுதான் மிகக் கேவலமானது.

பிறகு, வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம் இறுகி, அமைப்பே முடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்தது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.). 2010இல் அதற்குப் பதில் இன்னும் இறுக்கமான சட்டம். 2020 செப்டம்பரில் செய்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தருவதை அடியோடு தடுத்தது. எந்த ஊர் அமைப்பானாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. பெரிய அமைப்புகள் வழியாகச் சிறிய அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. அதே மாதம், வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் அம்னெஸ்டி இந்தியா தன் வேலையை நிறுத்தியது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது. அநியாயமான திருத்தம் என்றே இன்றும் சொல்வேன்.

ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றே நான் சொல்லிவந்தேன். அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். டீக்கடைக்காரர் கூண்டில் ஏறியது அந்தத் திருத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. அன்றைக்கு எங்கள் கணக்கில் பணம் இருந்தது, வேறு தலைப்பில். சர்க்கார் செய்த அநியாயத்தின் பின்னால் நின்று என் தவறை மறைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009இல் வந்த திருத்தம் இடம் கொடுத்திருந்தது. மூத்த வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் தாக்கல் செய்தார். எந்த நிதி நிறுவனத்தோடும் சம்பந்தமில்லாதவர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்ற அமைப்புகள் உள்நாட்டு, வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் எதனிடமும் பணம் வாங்குவதில்லை; உறுப்பினர்களின் கைக்காசில் நடக்கின்றன. முழுநேரம் வேலை பார்க்காதவர்களால் என்ன சாதிக்க முடியும் என்று எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தார். “அண்ணே, டீக்கடை அண்ணாச்சி அன்னைக்கு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருல்லா, அந்தத் தாளு இருக்கா? வக்கீல் கேக்காரு.” குரலில் கோபம் எதுவும் இல்லை. பழைய அலுவலகச் சாமான்களைப் போட்டு வைத்திருந்த அறையைத் திறந்து தேடினேன். அந்தத் திட்டத்தின் வவுச்சர்கள் அத்தனையும் இருந்தன. தணிக்கைக்காக வருஷவாரியாகக் கட்டி, வரிசை எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தோம். விசாரிக்கப் போன நாளில் அதே டீக்கடையில் நாங்கள் குடித்த டீக்கான ரசீதுகூட இருந்தது, என் கையெழுத்தோடு. மூன்று பக்க வாக்குமூலம் இல்லை. அலுவலகம் மாறியபோது, முடிந்துபோன திட்டத்தின் கோப்பு என்று பழைய பேப்பரோடு போயிருக்க வேண்டும். கிடைத்தது, நான் எழுதிய ஆங்கில அறிக்கை. அதில் சாட்சியின் பாதுகாப்புக் கருதிப் பெயரில்லை, தேதியில்லை. வழவழப்பான தாளில் நல்ல அச்சு. கோர்ட்டில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

தாளைக் காத்து வைத்தவர்களும் உண்டு. சிலியில் பினோசெட் ஆட்சியில், 1976இல், கார்டினல் சில்வா என்ரிக்கெஸ் சாந்தியாகோவில் ஒற்றுமை விகாரியகம் என்ற அலுவலகத்தைத் தொடங்கினார். பிள்ளையைக் காணோம், புருஷனைக் காணோம் என்று வந்தவர்கள் சொன்னதையெல்லாம் வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் எழுதி, ஆளுக்கொரு கோப்புத் திறந்தார்கள். அங்கும் வெளிநாட்டுத் திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் தந்த பணம்தான். ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி செய்தன. ஆனாலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள், நகலை வைத்துக்கொண்டே இருந்தார்கள். சர்வாதிகாரம் போனபின் அமைந்த உண்மை ஆணையத்துக்கு அந்தக் கோப்புகள்தான் கை கொடுத்தன. 1992இல் அலுவலகத்தை மூடியபோதும் ஆவணக் காப்பகத்தை மூடவில்லை. பிறகு நடந்த வழக்குகளுக்கும் அங்கிருந்து தாள்கள் போயின. எங்களைவிடப் பயங்கரமான காலத்தில், எங்களைப் போலவே வெளிப்பணத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள். மாதக்கணக்கில் பயிற்சி வகுப்புகளில் இவர்களைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். அசல் தாளை ஒரு பீரோவில் வைத்துப் பூட்ட எனக்குத் தோன்றவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தருமபுரி மாவட்டத்தின் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து வெறியாட்டம் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருஷம். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் அந்த ஊர்ப் பெண்களோடு கோர்ட் கோர்ட்டாக நின்றார்கள். மூன்று வருஷத் திட்டம் என்று கணக்குப் போட்டிருந்தால், காலம் முடிகிறபோது அந்த வழக்கு சி.பி.ஐ. விசாரணைக் கட்டத்தைத் தாண்டியிருக்காது, அந்த உத்தரவு வந்ததே 1995இல்தான்.

அறக்கட்டளைகள் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. உலகில் இந்த வேலைக்குப் பணம் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டை எடுத்து ஓர் ஆய்வு கணக்கிட்டபோது, 29 நாடுகளைச் சேர்ந்த 703 அறக்கட்டளைகள் மனித உரிமைப் பணிக்கு 120 கோடி டாலர் தந்திருந்தன. அதே ஆண்டில் ஜார்ஜ் சோரோஸ், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்புக்குப் பத்தாண்டு காலத்துக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். பணம் பெரிய நகரங்களின் பெரிய அமைப்புகளுக்கே போகிறது, எங்களுக்குத் துண்டு துண்டாக வருகிறது என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நியாயமான குறைதான். நிறவெறி ஆட்சியில் தென்னாப்பிரிக்காவில் 1979இல் தொடங்கிய சட்ட உதவி மையத்துக்கு ஃபோர்டு, கார்னகி, ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியம் எல்லாம் பணம் தந்தன. அங்கே வழக்கறிஞர்கள் முழுநேரமாக உட்கார்ந்து வழக்கு நடத்த முடிந்தது. எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நான் கேட்கவே இல்லை. சாட்சியோடு போய்வர ஒரு ஆள், தீர்ப்பு வரும்வரை அவருக்குச் சம்பளம் என்று ஒரு வரியை ஒரு விண்ணப்பத்தில்கூட எழுதியதில்லை. கேட்டுவிட்டு அவர்கள் மறுத்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கு வேலை இருந்திருக்காது.

டீக்கடைக்காரர் சொன்னதை அன்றைக்கு நான் எழுதி வாங்கினேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறேன். அதை நீதிமன்றம் ஏற்குமா என்பதற்கு வழக்கறிஞர் உத்தரவாதம் சொல்லவில்லை. மேல்முறையீடு மதுரைக் கிளையில் நிலுவையில் இருக்கிறது. அன்று பள்ளிக்கூடம் போன பையன் இப்போது அம்மாவோடு கோர்ட்டுக்குப் போய் வருகிறான். என்னிடம் அவன் பேசுவதில்லை. அதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு.

இந்த வேலையில் இன்று இருக்கிற தோழர்களைக் கேட்டுக்கொள்வது இது. வழக்கு எத்தனை வருஷம் இழுக்குமோ அதை உள்ளபடி எழுதி, அத்தனை வருஷத்துக்கும் பணம் கேளுங்கள். சாட்சியின் பஸ் கட்டணத்தையும், அவர் கடையை அடைக்கிற நாளின் வருமானத்தையும், கூடப் போகிறவரின் சம்பளத்தையும் வரவுசெலவில் தனித்தனியாகப் போடுங்கள். தர மறுத்தால் அந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்து, காலம் முடிந்துபோன வழக்குகள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். அந்த வழக்குகளின் அடுத்த வாய்தா என்றைக்கு என்று இந்த வாரமே விசாரியுங்கள். அன்றைக்கு ஒருவராவது போய் நில்லுங்கள்.